ஒரு துவிச்சக்கரவண்டியும் விடுதலையின் விலையும்

விடுதலைக்கு விலை உண்டு என்பதை மறுப்பார் எவருமிலர். மேடைகளிலும் பாடநூல்களிலும் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர் யார், அதைக் கொண்டு வாங்கிய பொருளை அனுபவித்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினால் மேடைகள் மௌனமாகிவிடுகின்றன. ஊர்ச் சந்தையில் விலை கொடுத்தவனே பொருளை எடுத்துச் செல்கிறான். விடுதலையின் சந்தையில் மட்டும் விலை கொடுத்தவன் வெறுங்கையோடு திரும்புவதும், கொடாதவன் கூடை நிறைய அள்ளிச் செல்வதும் ஏன் நிகழ்கின்றன? இது வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரிய வினா அன்று. அறம் பற்றிய வினா. மாணவர்க்கு வரலாறு சொல்லும் நம்மை நோக்கி நேராக எழும் வினா.

போருக்குச் சென்று மீண்டவர்களை நினைவுகூரும்போது இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. போர்வீரன் என்றாலே தியாகி என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். கூலிக்குக் கொன்றவன் என்று மற்றொரு சாரார் ஒதுக்குகின்றனர். இரண்டும் சிந்திக்க மறுக்கும் சோம்பலிலிருந்தே பிறக்கின்றன. அவனைப் படைக்கு அனுப்பிய நிலைமை எது? போர் முடிந்தபின் அவனுக்குக் கிடைத்தது எது? எஞ்சிய வாழ்நாளை அவன் எதற்குச் செலவிட்டான்? இவற்றைக் கேளாமல் வைக்கும் மாலை, மனிதனுக்கு வைக்கும் மாலை ஆகாது. அவனை அனுப்பிய அரசுக்கு வைக்கும் மாலையே ஆகும்.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையிலிருந்து இதை எழுதும் நமக்கு இவ்வினா ஊரின் பெயரோடு ஒட்டியே வருகிறது. புனித அந்தோனியார் திருத்தலத்தால் அறியப்படும் இவ்வூரின் பழைய குடிகள், கண்டி அரசரோடு பொருது சிறைப்பட்ட போர்த்துக்கீசப் படையினரின் வழிவந்தோர் என்பது நெடுங்கால மரபு. பிறர் நாட்டின் சுதந்திரத்தைப் பறிக்க ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் தம் சுதந்திரத்தை இழந்தார்கள். எனினும் வென்ற அரசு அவர்களுக்கு இருக்க நிலமும், தம் முறைப்படி வழிபடும் இடமும் தந்தது. அவர்களின் சந்ததியார் இந்நாட்டின் மொழி பேசி, இந்நாட்டு மண்ணில் உழுது, இவ்வூருக்கே உரியவர் ஆயினர். கண்டி அரசரைக் கருணைக் கடல் என்று சொல்ல நாம் வரவில்லை. 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவ்வரசின் எல்லைக்குள் அடைபட்டிருந்தார். 1679இல் மறைந்து தப்பியோடித்தான் அரிப்புக் கரையை அடைந்தார். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. பகைவனாக வந்து தோற்றவனுக்கும் ஓர் ஊர் கிடைத்தது. இந்தச் சிறு உண்மையை நெஞ்சில் இருத்திக்கொள்வோம். நவீன காலத்து விடுதலைகளை இதன் அருகில் வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு அளப்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் அரசியல் தலைவர் அல்லர். பெரும் படைத்தளபதியும் அல்லர். வங்காளத்தின் கிழக்குப் பகுதியில், சில்ஹெட் மாவட்டத்துப் பனியாசோங் என்னும் ஊரில் 1894இல் பிறந்த ராம்நாத் பிஸ்வாஸ் என்பவர். உயர்கல்வி பெற வாய்ப்பில்லாதவர். இளமையில் அனுசீலன் சமிதி என்ற இரகசியப் புரட்சி இயக்கத்தோடு தொடர்பு கொண்டார். அத்தொடர்பு வெளிப்பட்டபோது வேலையை இழந்தார். முதல் உலகப்போரின்போது வங்காளிப் படைப்பிரிவில் சேர்ந்து மெசப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, அனுப்பப்பட்டார்.

ஆங்கில ஆட்சியை எதிர்த்த இயக்கத்தில் இருந்தவன் அதே ஆட்சியின் படையில் சேர்ந்தது முரண் என்று சிலர் நகைக்கலாம். ஏகாதிபத்தியத்தின் படைகள் எப்படித் திரண்டன என்பதை அறிந்தவர் நகையார். வேலையில்லாத இளைஞன், கடன்பட்ட உழவன், வறண்ட நிலத்துக் கூலி ஆகியோரைக் கொண்டே அப்படைகள் நிரம்பின. முதல் உலகப்போரில் பிரிவினைக்கு முந்திய இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து பணியாற்றினர். அவர்களுள் 74,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெசப்பொத்தேமியாவே அவர்கள் மிகுதியாக அனுப்பப்பட்ட களம். அங்கே 1916 ஏப்பிரலில் கூட் நகரில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது சிறைப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியரே.

இத்தனை உயிர்களுக்கு ஈடாகக் கிடைத்தது யாது? போர் முடிந்த மறு ஆண்டிலேயே, 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிகள் மக்கள்மேல் திரும்பின. இறந்தோர் 379 பேர் என்பது அன்றைய அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. பஞ்சாப் மாகாணமே அப்போருக்கு மிகுதியான வீரர்களைத் தந்த மாகாணம் என்பதை இங்கே நினைக்க வேண்டும். மகனைக் கொடுத்த மண்ணுக்குக் குண்டுகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பிறருடைய போரில் சிந்தும் இரத்தம் நமது விடுதலையின் விலையாகக் கணக்கிடப்படுவதில்லை என்ற பாடத்தை ராம்நாத்தின் தலைமுறை இவ்வாறு கற்றது.

போரின் பின் ராம்நாத் மலாயா சென்று ஆங்கிலக் கடற்படையில் ஒரு வேலையில் அமர்ந்தார். ஆனால் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது அந்த வேலையன்று. 1931 ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு துவிச்சக்கரவண்டியில் ஏறி உலகைச் சுற்றப் புறப்பட்டார். இரண்டு போர்வைகள், ஒரு சோடி செருப்பு, வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிப் பெட்டி. கொண்டுசென்றவை ஏறக்குறைய இவ்வளவே. மலாயா, சீயம், இந்தோசீனா, சீனம், கொரியா, யப்பான் ஆகிய நாடுகள் வழியே சென்று கனடா வரை எட்டினார். 1934இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் ஆப்கானிஸ்தான், பாரசீகம், ஈராக், சிரியா, துருக்கி ஆகியவற்றைக் கடந்து ஐரோப்பாவினூடே பிரித்தானியாவை அடைந்தார். 1938இல் மூன்றாம் பயணமாக ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்று 1940இல் மீண்டார்.

இப்பட்டியலில் ஈராக் என்ற பெயரின் அருகே நாம் சற்று நிற்க வேண்டும். அந்நாட்டுக்கு ராம்நாத் இருமுறை சென்றார். முதல்முறை ஏகாதிபத்தியத்தின் படையாளாக. இரண்டாம் முறை சைக்கிளில் வந்த வழிப்போக்கனாக. முதல்முறை அவர் சென்ற திசையைத் தீர்மானித்தது பிறர் கட்டளை. இரண்டாம் முறை தீர்மானித்தது அவருடைய விருப்பம். படையோடு வருபவனைக் கண்டால் ஊர் கதவடைக்கும். தூசி படிந்த சைக்கிளோடு தனியே வருபவன், ஊர் மனிதர் கதவு திறந்தால்தான் உயிர் பிழைக்க முடியும். ஒருவன் பிறர்மேல் அதிகாரம் செலுத்தியபோது அடையாத விடுதலையை, பிறரை நம்பி நின்றபோது அடைந்தான் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பிறனை அடக்குபவன் தானும் அடங்கியே இருக்கிறான். அவனுக்கு மேலே கட்டளையிட ஒருவன் உண்டு. அவனுக்குக் கீழே அஞ்சி வெறுக்க ஒருவன் உண்டு. இவ்விருவருக்கும் நடுவில் விடுதலைக்கு இடமில்லை.

ஆனாலும் துவிச்சக்கரவண்டியையே விடுதலையின் தேர் என்று நாம் பாடிவிடலாகாது. கருவி தானாக எவரையும் விடுவிப்பதில்லை. ராம்நாத் 1931இல் சென்ற அதே மலாயாவில், 1941 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் யப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் சைக்கிளேறித் தெற்கு நோக்கி வந்தனர். அவ்வாட்சியில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சீயத்து இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு அங்கே மடிந்தனர். இந்தோசீனாவில் 1954இல் தியென் பியென் பூ போரின்போதோ, வியட்நாம் உழவர்கள் சைக்கிள்களில் அரிசி மூட்டைகளை ஏற்றி மலைவழியே தள்ளிச் சென்று பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் முடிவுக்கு வழிகோலினர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது, தந்தையோ கணவனோ அழைத்துச் செல்லும் வரை காத்திருந்த காலம் பின்தங்கியது. இரண்டு சக்கரங்களும் ஒன்றே. அவற்றை மிதிக்கும் மனிதர் யார், யாருக்காக மிதிக்கின்றனர் என்பதே வேறு.

ராம்நாத்தைப் பற்றி ஓர் ஐயம் எழக்கூடும். சிறைக்கூடத்தில் வாடியோரும் தூக்குமேடை ஏறியோரும் இருக்க, ஊர் சுற்றிய ஒருவரை விடுதலையின் பெயரால் நினைப்பது தகுமா? தகும் என்பதே நம் துணிபு. அவர் கண்டவற்றைத் தம்மோடு புதைத்துக்கொள்ளவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை வங்க மொழியில் எழுதினார். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் தோலின் நிறம் கண்டு மனிதனை வாசலிலேயே நிறுத்தும் கொடுமையைக் கண்டார், அதைத் தாமும் அனுபவித்தார், எழுதினார். அடிமைப்பட்ட மக்களை அடிமைத்தனத்தில் வைத்திருக்கும் வலுவான சுவர், உலகம் இப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே. ஒரு நாட்டில் வெள்ளையன் எஜமானன் என்றால் அதை விதி என்று எண்ணலாம். நாடு நாடாகச் சென்று பார்த்தவனுக்கு அது விதியன்று, ஓர் ஏற்பாடு என்பது புலப்படும். மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதரே மாற்றலாம். இதை எளிய மக்களின் மொழியில் சொன்னவன் விடுதலைப் பணியே செய்தான்.

இனி, விலைப்பட்டியலின் கடைசி வரிக்கு வருவோம். 1947 ஜூலையில் சில்ஹெட் மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடைபெற்றது. அம்மாவட்டத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானோடு சேர்ந்தது. பனியாசோங்கும் அப்பக்கம் போயிற்று. உலகத்தின் எல்லைகளைச் சைக்கிளில் கடந்த மனிதரின் வீட்டுக்கும் அவர் எழுதிய மொழியின் பெருநகருக்கும் இடையே புதிய எல்லை ஒன்று விழுந்தது. ராம்நாத் தம் ஊரை விட்டுக் கல்கத்தா சென்று வாழ நேர்ந்தது. அங்கேயே 1955இல் காலமானார். அடிமைநாட்டுக் குடிமகனாக இருந்தபோது உலகமெல்லாம் சென்று ஊர் திரும்ப முடிந்தவருக்கு, விடுதலை வந்தபின் ஊர் இல்லாமற் போயிற்று. அவருடைய பூர்விக வீடு பிறர் வசமாயிருந்தது. அதை மீட்டு நினைவிடமாக்க வேண்டும் என்று வங்கதேசத்தின் சைக்கிளோட்டிகளும் பயணிகளும் 2022இல் குரலெழுப்பினர். மதமும் எல்லையும் பிரித்த ஒருவரைச் சைக்கிள் மிதிக்கும் இளைஞர் மீண்டும் தம்மவராக்கிக் கொண்டனர். அரசுகள் வரைந்த கோட்டை மக்களின் நினைவு ஏற்க மறுத்தது.

இவ்வளவும் தொலைதூரத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியுமா? நம் நாட்டின் விடுதலையைப் பற்றி நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கூற்று உண்டு. இலங்கை ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் 1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் பெற்றது என்பதே அது. இக்கூற்றை மாத்தளை மண்ணில் நின்று எவரும் சொல்லலாகாது. 1848 ஜூலையில் புதிய வரிகளையும், ஆண்டில் ஆறு நாள் தெரு வேலை அல்லது அதற்கீடான பணம் என்ற கட்டாயத்தையும் எதிர்த்து எழுந்தவர்கள் இம்மாவட்டத்து மக்களே. அவர்களின் தலைவருள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1915 ஜூலை 7ஆம் நாள், ஆங்கிலேயரின் கொழும்பு நகரக் காவற்படையிலேயே கப்டனாக இருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1942இல் கொக்கோஸ் தீவில் ஆங்கில அதிகாரிகளை எதிர்த்துக் கலகம் செய்த இலங்கைப் படைவீரருள் கிரேஷன் பெர்னாண்டோ முதலிய மூவர் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். ஏகாதிபத்தியத்தின் சீருடை அணிந்தவர்களையே ஏகாதிபத்தியம் கொன்றது. ஆகவே இரத்தம் சிந்தப்பட்டது உண்மை. சிந்தியவர்கள் மறக்கப்பட்டனர் என்பதும் உண்மை.

இவற்றினும் பெரிய விலை ஒன்று விடுதலைக்குப் பின்னரே வசூலிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உரிமையைக் கேள்விக்குள்ளாக்கி, அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. அடுத்த ஆண்டே அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம் என்று உடன்படிக்கை எழுதினர். தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவோர்கூட இன்னும் சற்றுக் கவனமாக எண்ணுவர். பங்கிடப்பட்ட மக்களிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இம்மக்கள் இந்நாட்டுக்கு எப்படி வந்தார்கள்? மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை ஊடாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். கொலராவுக்கும் பசிக்கும் ஆயிரக்கணக்கானோரை வழியிலே பலிகொடுத்து வந்தார்கள். நொக்ஸ் விடுதலை தேடி அரிப்புக் கரைக்கு ஓடினார். இரு நூற்றாண்டுகளுக்குள் அதே கரையோரத்திலிருந்து இவர்கள் அடிமைத்தனத்தை நோக்கி நடந்தார்கள். ராம்நாத் பிறந்த சில்ஹெட் பக்கத்திலும் இத்தகைய மக்கள் இருந்தனர். 1921 மே மாதத்தில் சர்கோலாப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தொழிலாளர் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களை விட்டு வெளியேறித் தம் ஊரை நோக்கி நடந்தனர். வழியிலே சாந்பூரில் படையினரால் தாக்கப்பட்டனர். தேயிலை விளைந்த இடமெல்லாம் ஊர் தேடி நடக்கும் மனிதரின் வரிசையும் இருந்தது.

இப்பொழுது வஹகோட்டையின் கதையை மீண்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். ஆயுதத்தோடு வந்து தோற்றவனுக்கு முடியாட்சி ஓர் ஊரைக் கொடுத்தது. மண்வெட்டியோடு வந்து மலைகளைத் திருத்தியவனிடமிருந்து மக்களாட்சி ஊரைப் பறித்தது. எது உயர்ந்த ஆட்சி என்ற வினாவுக்கு நாம் முடியாட்சி என்று விடை கூறமாட்டோம். மன்னன் கொடுத்தது அருள். அருள் இன்று வரும், நாளை போகும். நாம் கேட்பது உரிமை. ஆனால் உரிமையின் பெயரால் எழுந்த ஆட்சி, அருளால் நடந்த ஆட்சியைக் காட்டிலும் சிறுமைப்பட்டு நின்றால், அந்த விடுதலை இன்னும் முழுமை பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் கருத்து இதுவே. ஒரு நாட்டின் விடுதலையைக் கொடியேறிய நாளைக் கொண்டு அளக்க முடியாது. அந்நாளுக்குப் பிறகு யார் வீடிழந்தார், யார் தம் ஊரிலேயே அந்நியர் ஆனார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். விடுதலையின் விலை இறந்தவர்களோடு தீர்ந்துவிடுவதில்லை. விடுதலை பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் நம்மிடம் அது கடனாக நிற்கிறது. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இன்றும் தம் பெயரில் காணித்துண்டு இல்லாமல் லயன் அறைகளில் வாழ்கின்றன. அக்கடன் தீராத வரையில் நினைவுத்தூபிக்கு வைக்கும் மலர், கடன்காரன் வட்டி கொடாமல் வைக்கும் கும்பிடு போன்றதே.

ஆசிரியராயும் மாணவராயும் இருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன? வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளைச் சொல்லும்போதே அவ்வாண்டின் விலையைக் கொடுத்தவரையும் சொல்லலாம். 1948 பெப்ரவரியைக் கற்பிக்கும் பக்கத்திலேயே அவ்வாண்டின் இறுதியில் வந்த சட்டத்தையும் கற்பிக்கலாம். போர்வீரனைப் பற்றிப் பேசும்போது அவன் வென்ற களத்தோடு நில்லாமல், அவன் திரும்பி வந்தபோது அவனுக்கு வீடு இருந்ததா என்றும் கேட்கப் பழக்கலாம். சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே வினாவைக் கேட்கத் தொடங்கினால், விடைகளும் ஒருநாள் ஒன்றை ஒன்று சந்திக்கும்.

அவ்வினாவைக் கால்களாலேயே கேட்டவர்கள் உண்டு. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தது. முன்னோர் கங்காணியின் பின்னே நடந்த திசையிலேயே அவர்கள் நடந்தனர். தம் விருப்பத்தால் நடந்தனர். உரிமை கேட்டு நடந்தனர். படையாளாகச் சென்ற நாட்டுக்கே சைக்கிளில் மீண்டும் சென்ற ராம்நாத்தின் செயலும் இதுவே. அன்று பிறர் கட்டளையால் கடந்த வழியை மனிதன் தன் விருப்பத்தால் மீண்டும் கடக்கும்போது, கொடுத்த விலையில் ஒரு பங்கு அவனுக்கே திரும்பி வருகிறது. மீதிப் பங்கைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு நம்முடையது.